‘தகுதி’ என்று பேச்சு ஆரம்பித்தால் எப்படி வாதிடுவது

இட ஒதுக்கீடு பற்றிய பேச்சு ஒரு வீட்டிலோ ஹாஸ்டல் அறையிலோ ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே ‘தகுதி’ என்ற சொல் வந்துவிடும், அடுத்து குரல் உயரும், கடைசியில் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். எங்கள் ஊர் நூலக மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது என் வழக்கம், அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இட ஒதுக்கீட்டை ஆதரிப்பவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எதிர்க்கிறவருக்கும் இந்த முறை உதவும், ஏனென்றால் அவருடைய வாதத்தில் எந்தப் பகுதி பலமானது, எது வெறும் பழக்கத்தில் சொல்வது என்று அவருக்கே இதில் தெரிந்துவிடும்.

முதல் வேலை, அந்தச் சொல்லைத் தடை செய்வது. பத்து நிமிடத்துக்கு ‘தகுதி’, ‘திறமை’, ‘மெரிட்’ மூன்றையும் யாரும் சொல்லக் கூடாது, சொல்ல வந்ததை வேறு வார்த்தையில் சொல்ல வேண்டும்.

ஒருநாள் என்ன நடந்தது என்று சொல்கிறேன். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு தம்பி, “அண்ணா, எனக்கு கட்-ஆஃப் 191. நான் கேட்ட காலேஜில் கேட்ட கோர்ஸ் கிடைக்கல. 184க்குக் கிடைச்சிருக்கு” என்று ஆரம்பித்தான். எதிரில் ஒரு பெண், அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. தலையை நிமிர்த்தாமல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் தடையைச் சொன்னேன். தம்பி கொஞ்சம் திணறிவிட்டு, “அதிக மார்க் வாங்கினவன்தானே நல்ல இன்ஜினியரா வருவான்” என்றான். இரண்டு நிமிடம் கழித்து, “நான் ரெண்டு வருஷம் தூங்காமப் படிச்சேன் அண்ணா” என்றான். இன்னும் கொஞ்சம் பேசியபின், “ரேங்க் படிதான்னு சொல்லி கவுன்சிலிங் வச்சா ரேங்க் படிதானே கொடுக்கணும்” என்றான். மூன்றையும் மூன்று தாளில் எழுதி மேசையில் வைத்தேன். ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி வாதங்கள் இருந்திருக்கின்றன. முதலாவது வேலையை யார் நன்றாகச் செய்வார் என்ற கேள்வி, இரண்டாவது உழைப்புக்கு என்ன பலன் சேர வேண்டும் என்ற கேள்வி, மூன்றாவது சொன்ன விதியைக் காப்பாற்றுவது பற்றிய கேள்வி. சண்டை முற்றுவதே, ஒருவர் முதல் தாளுக்குப் பதில் சொல்லும்போது மற்றவர் இரண்டாவது தாளுக்குத் தாவிவிடுவதால்தான். தாவினால் உடனே நிறுத்தி, எந்தத் தாள் என்று கேளுங்கள்.

முதல் தாளை எடுத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் உண்மை நிலவரம் பற்றிய கேள்வி, தத்துவத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 335ஆம் பிரிவே நிர்வாகத்தின் செயல்திறன் குலையாதபடி பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் உரிமைக் கோரிக்கையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது, ஆகவே இந்தக் கவலையைக் கேட்பதே சாதிப் புத்தி என்று மறுப்பது சரியில்லை. கேட்கலாம், ஆனால் கேட்டால் தரவைப் பார்க்க வேண்டும். பொருளாதார ஆய்வாளர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்கோஃபும் இந்திய ரயில்வேயின் பல மண்டலங்களின் பல ஆண்டுக் கணக்கை எடுத்து, ஒதுக்கீட்டில் வந்த ஊழியர்கள் கூடினால் உற்பத்தித்திறன் குறைகிறதா என்று ஆராய்ந்தார்கள். குறைகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒரு நிறுவனத்தில் செய்த ஒரு ஆய்வுதான், எல்லாத் துறைக்கும் இதுவே பதில் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் ‘ஒதுக்கீடு வந்தால் வேலை கெடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்று பேசுகிறவரிடம், தெரிந்தது எப்படி என்று கேட்க இது போதும்.

இங்கே தவறாமல் வருகிற ஒரு கேள்வி உண்டு: “உனக்கு ஆபரேஷன்னா எந்த டாக்டர்கிட்ட போவ?” இதற்குக் கோபப்படாமல் இரண்டு விஷயம் சொல்லுங்கள். நுழைவு வரிசை வேறு, தேர்ச்சி வேறு. எம்பிபிஎஸ் படிப்பில் எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவரும் ஒரே தேர்வை ஒரே தேர்ச்சி மதிப்பெண்ணில்தான் தாண்டியாக வேண்டும். அப்புறம், அதே அளவுகோலை வேறு இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவிலும் என்ஆர்ஐ கோட்டாவிலும் பல லட்சம் கட்டணம் கட்ட முடிந்ததால் ரேங்கில் மிகவும் பின்னால் இருக்கிறவருக்கு இடம் கிடைக்கிறதே, அதைப் பற்றி இதே வேகத்தில் எப்போதாவது பேசியிருக்கிறாரா? 2023 செப்டம்பரில் நீட் முதுநிலைக்குத் தேவையான பெர்சன்டைலை (எத்தனை சதவீதம் பேரை முந்த வேண்டும் என்ற அளவை) எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்யமாகக் குறைத்தார்கள், அப்போது அவர் வீட்டில் இந்த ஆபரேஷன் கேள்வி வந்ததா? வந்தது என்றால் அவர் நேர்மையாக முதல் தாளில்தான் நிற்கிறார், அவரோடு தரவை வைத்துப் பேசலாம். வரவில்லை என்றால் அவருடைய கவலை நோயாளியைப் பற்றியது இல்லை, வேறு தாளில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க உதவுங்கள். குத்திக்காட்டாதீர்கள், அவருக்கே அது தெரிந்திருக்காது.

இதிலேயே பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எழுப்புகிற ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் குணத்தைத் தகுதி என்கிறோம் என்பது, நமக்கு எது நல்ல சமூகம் என்று தோன்றுகிறதோ அதிலிருந்து பிறக்கிறது, தகுதிக்கென்று தனியாக ஒரு எடைக்கல் வானத்திலிருந்து விழவில்லை என்பது அவர் வாதம். கேட்பதற்குப் பெரிய விஷயமாகத் தெரியும், ஆனால் நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு மருத்துவ மேற்படிப்பில் தனி இடங்கள் வைக்கிறோம், அப்படி வைக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு டியூட்டி பார்த்தது அங்கே ஒரு தகுதியாக ஆகிறது, ஏனென்றால் தாலுகா மருத்துவமனையில் ஸ்பெஷலிஸ்ட் வேண்டும் என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். ஆகவே யாருக்குத் தகுதி என்பதற்கு முன்னால் எதற்குத் தகுதி என்று கேட்கப் பழகுங்கள்.

இரண்டாவது தாள்தான் கஷ்டமானது, இதில் நிதானமாக நில்லுங்கள். ‘நான் உழைத்தேன், எனக்குச் சேர வேண்டும்’ என்பது மனிதர்களுக்கு மிக ஆழமான உணர்வு. 1971இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் இதை நேராகத் தொட்டார். பிறவியில் கிடைத்த திறமை நாம் சம்பாதித்தது இல்லை, பிறந்த குடும்பமும் இல்லை, உழைக்கும் மனமேகூட வளர்ந்த வீட்டின் சூழ்நிலையில்தான் பெரிதும் உருவாகிறது, ஆகவே இவற்றின் பலனுக்கு யாரும் அடிப்படையில் உரிமை கொண்டாட முடியாது என்றார். முதல்முறை படிக்கிறவர்களுக்கு இது ஒரு வெற்றி ஆயுதம் மாதிரித் தோன்றும். எடுத்து வீசினால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். 191 எடுத்த தம்பியிடம் உன் உழைப்பு உன்னுடையது இல்லை என்று சொன்னால் அவன் காதை மூடிக்கொள்வான், அதுமட்டும் இல்லை, இதே வாதம் எதிரில் இருக்கும் முதல் பட்டதாரிப் பெண்ணின் உழைப்பையும் துடைத்துவிடுகிறது. தெருவிளக்கில் படித்தவளைப் பாராட்டுவதற்கு அப்புறம் நம்மிடம் சொல் இருக்காது. இன்னொரு அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974இல் ரால்ஸுக்குப் பதில் எழுதியபோது, மனிதனுடைய தேர்வுகளையும் முயற்சிகளையும் முழுக்க வெளிச் சூழ்நிலையின் கணக்கில் எழுதிவிட்டால் அவனுக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்ற அர்த்தத்தில் கேட்டார். நியாயமான கேள்வி, நான் நோசிக்கின் மற்ற முடிவுகளை ஏற்பவன் இல்லை என்றாலும்.

அப்படியானால் என்ன செய்வது? தத்துவ அறிஞர் ஜோயல் ஃபைன்பெர்க் 1963இல் காட்டிய ஒரு பிரிவினை இங்கே கைகொடுக்கும். ஒருவர் ஒன்றுக்கு அருகதை உள்ளவராக இருப்பது வேறு, விதிப்படி அதைப் பெற உரிமை உள்ளவராக இருப்பது வேறு. கபடி மேட்ச்சை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க நன்றாக ஆடிய அணி கடைசி ரெய்டில் ஒரு புள்ளியில் தோற்றுப்போகிறது, ‘அவங்கதான் ஜெயிச்சிருக்கணும்’ என்று ஊரே சொல்கிறது, சொல்வது பொய் இல்லை, ஆனால் கோப்பையை ஜெயித்த அணிக்குத்தான் கொடுக்கிறார்கள், அதிலும் தவறு இல்லை. தம்பியின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று முழு மனதோடு ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம், அந்த மதிப்பிலிருந்து இந்தக் கல்லூரியின் இந்த இடம் என்ற ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு எப்படிப் போகிறோம் என்று கேளுங்கள். இந்தப் படியைத் தாண்ட மூன்றாவது தாள் வேண்டும், விதி வேண்டும். உழைப்பைத்தான் அளக்கிறோம் என்றால், கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று கூட்டி வருகிற அந்த 200, ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் காட்டுகிறது, எங்கிருந்து நடந்து வந்தார் என்று காட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். 2022 ஜனவரியில் நீட் அகில இந்திய ஒதுக்கீட்டு வழக்கில் நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா அமர்வு எழுதியதும் ஏறக்குறைய இதையே: போட்டித் தேர்வின் மதிப்பெண்ணுக்குப் பின்னால் சில வகுப்பினருக்குச் சேர்ந்து வந்திருக்கும் சமூக, பொருளாதார, கலாச்சார வசதி தெரிவதில்லை.

மூன்றாவது தாளில் பேச அதிகம் இல்லை. சொன்ன விதியை நடுவில் மாற்றினால் அது அநியாயம், ஆனால் நம் கவுன்சிலிங்கின் விதியே ரேங்க்கும் ஒதுக்கீடும் சேர்ந்ததுதான், தமிழ்நாட்டில் ஒதுக்கீடு மொத்தம் 69 சதவீதம் என்று விண்ணப்பம் போடும்போதே எல்லாருக்கும் தெரியும். ஆகவே ‘விதியை மீறிவிட்டார்கள்’ என்ற வாதம் நிற்காது. விதியே தவறு என்று சொல்லலாம், அது வேறு வாதம், பழைய வாதமும்கூட. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு 14 இடங்களையும் 6 பிராமணரல்லாத இந்துக்கள், 2 பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், 2 பிராமணர்கள், 2 அரிசனங்கள், 1 ஆங்கிலோ-இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர், 1 முஸ்லிம் என்று பிரித்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, தமிழ்நாடே கொந்தளித்தது, அதே ஆண்டு முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிரிவு சேர்ந்தது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத ஒரு வெள்ளையர் இன ஒதுக்கீட்டை எதிர்த்துப் போட்ட பாக்கி வழக்கு நடந்தபோது சட்டத் தத்துவ அறிஞர் ரொனால்ட் ட்வொர்கின் எழுதியதை இதோடு வைத்துப் படித்தால் தெளிவு வரும். மார்க் ஒன்றை வைத்தே தன்னை எடைபோட வேண்டும் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை, தன்னையும் சமமான ஒரு மனிதனாக மதித்து விதியை வகுத்தார்களா என்று கேட்கும் உரிமைதான் உண்டு என்றார் அவர். அதாவது விதிக்குப் பின்னால் இழிவு இருக்கிறதா, நோக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது நான்காவதாக ஒரு தாள் எடுங்கள். இது இட ஒதுக்கீட்டை ஆதரிக்கிறவர்களுக்கு. ‘சமூக நீதி’ என்ற சொல்லையும் பத்து நிமிடம் தடை செய்யுங்கள். நம் பக்கத்திலும் ஒரே சொல்லுக்குள் பல வாதங்கள் குவிந்து கிடக்கின்றன, இதை நாம் ஒத்துக்கொள்ளாமல் எதிர்ப்பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்ப்பது நேர்மையில்லை. எங்கள் மாடியில் இதைச் செய்தபோது வந்தவை: பல நூறாண்டு அநியாயத்துக்கு ஈடு, ஏழ்மைக்கு உதவி, அதிகாரத்தில் பங்கு. இந்த மூன்றும் ஒன்று இல்லை. எதை நீங்கள் பிடிக்கிறீர்களோ அதன்படி கிரீமி லேயருக்கும் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவது), பொருளாதார ஒதுக்கீட்டுக்கும், உள் ஒதுக்கீட்டுக்கும் (ஒரு பிரிவின் பங்குக்குள்ளேயே ஒரு தனிப் பங்கு) உங்கள் பதில் மாறும்.

ஏழ்மைக்கு உதவிதான் நோக்கம் என்றால், வசதியான பிற்படுத்தப்பட்டவருக்கு எதற்கு என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. 1979இல் எம்ஜிஆர் அரசு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு இல்லை என்று ஆணை போட்டது, கடும் எதிர்ப்பு வந்தது, 1980 மக்களவைத் தேர்தலில் தோல்விக்குப் பிறகு அந்த ஆணையைத் திரும்பப் பெற்று பிற்படுத்தப்பட்டோர் பங்கை 31இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார்கள். அன்று எதிர்த்தவர்களின் வாதம் பங்கு பற்றியது: வகுப்பில் முன்னால் வந்த சிலரை விலக்கிவிட்டால் அந்த இடத்துக்குப் போட்டியிடும் நிலையில் இருக்கிறவர்களே குறைந்துபோவார்கள், அலுவலகத்தின் முகம் மாறாது. 1992இல் உச்ச நீதிமன்றத்தின் இந்திரா சாஹ்னி தீர்ப்பு நாடு முழுக்க கிரீமி லேயரைக் கொண்டுவந்தது, தமிழ்நாட்டின் 69 சதவீதத்தில் அது இன்றுவரை இல்லை. நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும், உங்கள் பதில் இந்த மூன்று நோக்கங்களில் எதிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பங்கு என்ற நோக்கத்துக்குத் தத்துவத்தில் நல்ல துணை இருக்கிறது. எலிசபெத் ஆண்டர்சன் 1999இல் எழுதிய கட்டுரையில், சமத்துவம் என்பது ஒவ்வொருவரின் துரதிர்ஷ்டத்தையும் அளந்து ஈடுகட்டுகிற கணக்கு வேலை இல்லை, ஒருவர் முன்னால் இன்னொருவர் கைகட்டி நிற்காத உறவை உண்டாக்குவது என்று வாதிட்டார். இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் பக்கத்து டீக்கடைகளில் நான் சின்ன வயதில் பார்த்த தனி டம்ளர். அந்த டம்ளரில் குடித்தவரின் வருமானம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வருமானத்தால் வராத ஒன்றை வருமானச் சான்றிதழை வைத்து எப்படிச் சரிசெய்வது? 2022 நவம்பரில் 10 சதவீதப் பொருளாதார ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் ஏற்றபோது, நீதிபதிகள் லலித்தும் ரவீந்திர பட்டும் மாறுபட்டார்கள். ஏழ்மைதான் அளவு என்றால் பட்டியல் சாதியிலும் பழங்குடியிலும் பிற்படுத்தப்பட்டோரிலும் இருக்கும் ஏழையை அதிலிருந்து விலக்கியது எப்படிச் சமத்துவம் ஆகும் என்பது அவர்கள் வாதத்தின் மையம். தாள் முறையில் சொன்னால், ஏழ்மைத் தாளை எடுத்துக்கொண்டு அதன் முடிவு வரை போகாமல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இதில் நான் மாறுபட்ட அந்த இருவர் பக்கம்.

ஆனால் பங்கு வாதத்துக்கும் கடன் இருக்கிறது. பங்கு என்று சொல்லிவிட்டு, பட்டியல் சாதிக்குள்ளேயே பங்கு கிடைக்காத அருந்ததியர் கேட்டபோது தயங்க முடியாது. 2009இல் தமிழ்நாடு பட்டியல் சாதியின் 18 சதவீதத்துக்குள் அவர்களுக்கு 3 சதவீதம் கொடுத்தது, அப்படிப் பிரிக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதி அமர்வு 6க்கு 1 என்று சொன்னது. அதே மாதிரி பள்ளிக்கூடம். ஒரே சாதிக்குள் அரசுப் பள்ளிப் பிள்ளையும் கோச்சிங் சென்டர் போன பிள்ளையும் ஒன்றா? 2020இல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் வந்தது அந்தக் கேள்வியால்தான். இட ஒதுக்கீட்டை எதிர்க்கிறவர் இவற்றைக் கேட்டால் எதிரி கேட்கிறார் என்று தள்ளாதீர்கள்.

எதிர்ப்பக்கத்தின் பலமான வாதத்தையும் நீங்களே எடுத்துச் சொல்லிப் பழகுங்கள். என் கணக்கில் பலமானது இது: ஈடு என்றால், அநியாயம் செய்தவர் வேறு, இன்று இடத்தை இழக்கும் 17 வயதுப் பிள்ளை வேறு, சுமை ஏன் இந்தப் பிள்ளை மேல் விழ வேண்டும்? இதற்குச் சுலபமான பதில் கிடையாது. நோசிக்கே, சொத்து நியாயமான வழியில் கைமாறி வந்திருந்தால்தான் உரிமை, அநியாயமாக வந்திருந்தால் திருத்தம் வேண்டும் என்று ஒரு கொள்கையை வைத்திருக்கிறார், நிலமும் கல்வியும் இந்த நாட்டில் எப்படிக் கைமாறின என்று பார்த்தால் அந்தக் கொள்கை எவ்வளவு தூரம் போகும் என்று பேசலாம். அப்படியும் அந்தப் பிள்ளையின் வருத்தம் வருத்தம்தான். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் சாண்டெல் 2020இல் ஒரு யோசனை சொன்னார்: பெரிய பல்கலைக்கழகங்களில் படிக்கத் தகுந்தவர்கள் எல்லாரையும் பொறுக்கி, அவர்களுக்குள் குலுக்கல் போடுங்கள், ஜெயித்தவருக்குத் தலைக்கனமும் தோற்றவருக்கு அவமானமும் குறையும் என்று. நம் ஊரில் அதை அப்படியே வைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் 191க்கும் 190.5க்கும் நடுவில் நாம் ஏற்றி வைத்திருக்கும் பெருமையையும் அவமானத்தையும் கொஞ்சம் இறக்கி வைக்க இந்த யோசனையைப் பேசிப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று, இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். யாருடைய கட்-ஆஃபையும் கேட்காதீர்கள், யாருடைய கம்யூனிட்டியையும் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் தவிர. கேட்ட நிமிடத்திலேயே அவர் வாதம் செய்கிறவராக இல்லாமல் வாதத்துக்கான பொருளாக மேசையில் கிடப்பார். அன்றைக்கு அந்த 184 என்ற எண்ணைத் தம்பி சொன்னபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பெண் பேசினாள், நான்கு தாள்களும் நிரம்பிய பிறகு. “அண்ணா, இவன் படிச்சது எனக்குத் தெரியும், ட்யூஷன்ல பாத்திருக்கேன், அதை நான் இல்லைன்னு சொல்லல. நான் படிச்சதும் அவனுக்குத் தெரியணும், அவ்வளவுதான்” என்றாள். தம்பி இரண்டாவது தாளைத் தன் பக்கம் இழுத்து, தான் சொன்ன வரிக்குக் கீழே அவள் சொன்னதையும் எழுதினான். இடம் யாருக்கு என்பதில் இரண்டு பேரும் அன்றைக்கு ஒத்துப்போகவில்லை, அடுத்த ஞாயிறு கிரீமி லேயர் பேசலாம் என்று கிளம்பினார்கள்.